சீனப் பேரரசுக் காலக் கப்பல்களும் கடற்பயணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

15-ஆம் நூற்றாண்டில் மிங் பேரரசின் கப்பல்படையை நடத்திய செங் ஹேயின் ‘புதையல் கப்பல்’ எவ்வளவு பெரியது என்பதுதான் இந்தப் பொருளில் எல்லோரும் முதலில் கேட்பது. இங்கே அது பாதிக்கு மேல் தள்ளித்தான் வருகிறது. சரக்கேற்றிக் கடல் தாண்டிய சாதாரண வணிகக் கப்பலை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தால்தான், அந்தப் பெரிய கப்பலைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று எடை போட முடியும்.

அளவுகளை எப்படிப் படிப்பது?

பழைய சீன நூல்களில் நீளம் ‘சாங்’, ‘சி’ என்று வரும். 10 சி ஒரு சாங். சோங் (960–1279), மிங் (1368–1644) அரச மரபுகளின் காலங்களில் ஒரு சி தோராயமாக 31 செ.மீ.; ஆகவே ஒரு சாங் 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ‘லியாவ்’ என்பது கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் எண். அதை டன்னாக மாற்றும் சூத்திரத்தில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. எனவே ‘2000 லியாவ்’ என்பதற்கு நேராக யாராவது அடித்துச் சொல்லும் டன் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கியே வையுங்கள்.

சீனக் கப்பல்கள் எல்லாமே தட்டையான அடி கொண்டவைதானே?

இல்லை. யாங்சி ஆற்று முகத்துக்கு வடக்கே கடல் ஆழமற்றது, மணல்திட்டுகள் அதிகம். அங்கே ஓடிய ‘ஷாசுவான்’ தட்டையடி கொண்டது. வற்றத்தில் தரைதட்டினாலும் சாயாமல் உட்கார்ந்து, ஏற்றத்தில் மிதந்து கிளம்பிவிடும். ஆழமான ஏரா (கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகுக்கட்டை) இல்லாததால் பக்கக் காற்றில் வழுக்கும். அதைத் தடுக்கக் காற்று ஒதுங்கும் பக்கத்தில் பெரிய பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள்.

தெற்கே ஃபூஜியானில் ஆழ்கடலுக்குக் கட்டியது வேறு வகை. 1123-இல் கொரியாவுக்குப் போன தூதுக்குழுவில் இருந்த சூ சிங், அந்தக் கப்பல்களின் மேற்புறம் துலாக்கோல்போல் சமமாகவும் அடிப்புறம் கத்தி விளிம்புபோல் கூராகவும் இருந்ததாக எழுதுகிறார். அவர் தரும் அளவு: நீளம் 10 சாங்குக்கு மேல், ஆழம் 3 சாங், அகலம் 2 சாங் 5 சி, மாலுமிகள் ஏறத்தாழ 60 பேர். குவாங்டொங் கப்பல்கள் மூன்றாவது வகை. கனமான கடின மரத்தில் கட்டியவை. உறுதி அதிகம், செலவும் அதிகம்.

ஃபூஜியான் வகைக் கப்பலை எந்த வரிசையில் கட்டுவார்கள்?

முதலில் ஏரா, பிறகு கப்பலைக் குறுக்கே அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச்சுவர்கள், அதன் மேல் பலகை. இதற்குக் கையில் கிடைத்த நல்ல சாட்சி, 1974-இல் சுவான்சௌ விரிகுடாவில் ஹௌசூ துறையருகே சேற்றிலிருந்து தோண்டியெடுத்த கப்பல். சோங் ஆட்சியின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. மிஞ்சிய உடல் 24.2 மீ. நீளம், 9.15 மீ. அகலம். முழுக் கப்பல் சுமார் 34 மீ. இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

அதன் ஏரா ஒரே கட்டை இல்லை. 12.4 மீ. முதன்மைக் கட்டையோடு 5.25 மீ. பின்கட்டையைப் படிவெட்டி இணைத்திருக்கிறார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், கற்பூர மரக் கட்டை மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது. ஏரா பைன் மரம். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிக்குப் பிசின் நிறைந்த மரம் நன்றாகத் தாங்கும். பலகைக்குச் ‘ஷாமு’ என்னும் ஊசியிலை மரம்: நேராக வளரும், எடை குறைவு, ஆணி இறங்கும்போது வெடிக்காது. வளைவும் பலமும் வேண்டிய வங்குகளுக்கு (விலாச்சட்டங்களுக்கு) கற்பூர மரம்.

கற்பூர மரத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. 1637-இல் கைத்தொழில்களைத் தொகுத்து எழுதிய சோங் யிங்சிங், வசந்தத்திலும் கோடையிலும் வெட்டிய கற்பூர மரம் நாளடைவில் உளுத்துப் பொடியாகும் என்கிறார். பூச்சி அண்டாது என்று பெயரெடுத்த மரம்தான். வெட்டும் பருவம் தவறினால் அந்தப் பெயர் நிற்காது.

ஏரா இணைப்புகளில் சிறு குழிகளை வெட்டிக் காசுகளையும் ஒரு செப்புக் கண்ணாடியையும் வைத்திருந்தார்கள். ஏழு விண்மீன்களும் நிலவும் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இது கப்பலின் பலத்துக்கு அல்ல, கட்டியவர்களின் மனபலத்துக்கு.

பலகையை ஏன் இரண்டு, மூன்று அடுக்காக அடித்தார்கள்?

சுவான்சௌ கப்பலின் அடியில் இரண்டு அடுக்கு, விலாவில் மூன்று அடுக்கு. மூன்றும் சேர்ந்து 18 செ.மீ. அளவுக்கு வரும். அவ்வளவு தடித்த ஒற்றைப் பலகையை வளைத்து ஏற்றுவது கடினம். ஏற்றினாலும் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நிமிரப் பார்க்கும். மெல்லிய பலகைகள் எளிதாக வளையும். உள்ளடுக்கின் பொருத்து மேல் வெளியடுக்கின் பொருத்து வராமல் தள்ளிப் போட்டால் நீர்க்கசிவுக்கு நேர்வழி கிடைக்காது. வெளியடுக்கைக் கப்பல் புழு தின்றாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மார்க்கோ போலோ இதையே வேறு விதமாகச் சொல்கிறார். ஓராண்டு ஓடிய கப்பலுக்குப் பழைய பலகையின் மேலேயே புதிதாக ஒரு அடுக்கு. இப்படி ஆறு அடுக்கு வரை போகும், அதன்பின் கப்பலைக் கடலுக்கு விட மாட்டார்கள் என்று.

நீர்புகாத் தடுப்புச்சுவர் என்றால் உண்மையிலேயே நீர் புகாதா?

இந்தக் கப்பல்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதும் அதிகம் மிகைப்படுத்தப்படுவதும் இதுதான்.

சுவான்சௌ கப்பலில் 12 தடுப்புகள், 13 அறைகள். தடுப்புப் பலகையின் தடிமன் 10 முதல் 12 செ.மீ. ஒவ்வொரு தடுப்பையும் ஒட்டி வங்கு, அதோடு பலகையில் ஆணியடித்துத் தடுப்பைப் பிடித்துவைக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள். விளிம்பெல்லாம் கலப்பத்து, அதாவது நீர் கசியாமல் பொருத்தை அடைக்கும் கலவை. தடுப்பின் முதல் வேலை நீரைத் தடுப்பது என்று நினைக்கிறோம். கட்டுபவருக்கு அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: கப்பல் குறுக்காக நசுங்காமல் வடிவத்தை நிறுத்திவைப்பது. நெருக்கமான வங்குகளைக் கொண்ட கப்பல்களில் வங்குகள் செய்யும் வேலையை இங்கே தடுப்புகள் செய்கின்றன. மூங்கிலுக்குக் கணு செய்வதும் அதுவே.

ஏராவை ஒட்டி ஒவ்வொரு தடுப்பிலும் சிறு துளை உண்டு. கசியும் நீர் அதன் வழியே தாழ்ந்த இடத்துக்கு வடிந்து சேரும், அங்கிருந்து இறைப்பார்கள். துளையை அடைத்தால்தான் அந்த அறை தனியாகும். அடைக்க மறந்தாலோ, அடைப்பின் மேல் சரக்கு குவிந்து கை எட்டாமல் போனாலோ பதின்மூன்று அறையும் ஒரே அறைதான்.

நன்றாக வேலை செய்யும்போது நடப்பதை மார்க்கோ போலோ விவரிக்கிறார். பாறையிலோ திமிங்கலத்திலோ மோதி ஓட்டை விழுந்தால் எந்த அறை என்று கண்டுபிடித்து, அதிலுள்ள சரக்கை அடுத்த அறைக்கு மாற்றி, ஓட்டையை அடைத்து, சரக்கைத் திரும்ப வைப்பார்கள்.

உள்ளிருந்து அடைக்க முடியாமல் போவதும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாங்சௌ வணிகத்தைப் பதிவுசெய்த சூ யூ, அப்போது நீச்சல் தெரிந்த வெளிநாட்டு அடிமைகளைக் கத்தியும் பஞ்சும் கொடுத்துக் கடலில் இறக்கி வெளிப்புறமாக அடைக்கச் செய்வார்கள் என்கிறார். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாத மாலுமிகள் தரைதட்டுவதற்குத்தான் அஞ்சுவார்கள் என்பதும் அவர் சொன்னதே.

பல அறைகள் ஒருசேர உடைந்தால் எந்தத் தடுப்பும் காப்பாற்றாது. 1822-இல் ‘தெக் சிங்’ என்ற பெருங்கப்பல் இன்றைய இந்தோனேசியாவின் கஸ்பார் நீரிணையில் பவளப்பாறையில் ஏறி மூழ்கியது. ஏறத்தாழ 1,600 பேர் இறந்தார்கள். ஃபூஜியானில் பழைய முறைப்படி கட்டிப் பசிபிக்கைக் கடந்து திரும்பிய ‘தைப்பிங் கோங்சூ’ என்ற மாதிரிக் கப்பல், 2009 ஏப்ரலில் வீடு வந்து சேரும் நேரத்தில் தைவான் அருகே பெரிய சரக்குக் கப்பல் மோதி இரண்டாக முறிந்தது. அதில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

இந்தக் கட்டுமுறையை யுனெஸ்கோ 2010-இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

கலப்பத்து எதனால் செய்தது?

மூன்றே பொருள்: துங் எண்ணெய், சுண்ணாம்பு, நார். துங் மரத்தின் கொட்டையில் பிழியும் எண்ணெய் காற்றுப் பட்டால் தானே இறுகும் தன்மை கொண்டது. சுண்ணாம்புக்குக் கடலோரத்தில் சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிச் சலிப்பார்கள். செஜியாங்கின் தென்பகுதி, ஃபூஜியான், குவாங்டொங் பகுதிகளில் கல்சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிப்பிச் சுண்ணாம்புதான் என்று சோங் யிங்சிங் குறிக்கிறார். நாருக்குச் சணல் அல்லது ராமி, சில இடங்களில் பழைய மீன்வலை.

செய்முறை இரண்டு கட்டம். அடித்துப் பஞ்சாக்கிய நாரை மழுங்கிய உளியால் பொருத்துக்குள் இறுகத் திணிக்க வேண்டும். பிறகு நுண்ணிய சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்து மேலே பூச வேண்டும். ஆழமான பொருத்துக்கு நாரையும் சேர்த்தே இடித்த கலவை. ஆணித் தலைகளையும் இதே கலவையால் மூடுவார்கள். உப்புநீர் இரும்பைத் தொட்டால் துரு மரத்தைச் சுற்றி அரித்து ஆணி ஆடத் தொடங்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. சுண்ணாம்பைச் சரியாகச் சலிக்காவிட்டால் நீறாத துகள் பின்னர் ஈரம் குடித்துப் பூத்து, பூச்சை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். பலகை ஈரமாக இருந்தால் எண்ணெய் பற்றாது. நார் குறைந்தால் கலவை கல்லாக இறுகி, கப்பல் அலையில் முறுக்கும்போது கீறல் விடும். எண்ணெய் அதிகமானால் இறுக நாளாகும். இடிப்பதில் சோம்பல் காட்டினால் இவை எல்லாமே வரும். சரியாக அமைந்த கலப்பத்து நூற்றாண்டுகள் சேற்றில் கிடந்தும் கெட்டியாகவே வெளியே வந்திருக்கிறது.

மூங்கில் குச்சி வைத்த பாய்க்கு என்ன நன்மை?

பாயில் குறுக்காக வரிசை வரிசையாக மூங்கில் சட்டம். இதனால் பாய் தட்டையாக நிற்கும். மலிவான மூங்கில் பாய்முடைதலே போதும், உயர்ந்த துணி வேண்டாம். ஒரு இடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த சட்டத்தோடு நின்றுவிடும். புயல் வந்தால் பாய்மரத்தில் ஆள் ஏற வேண்டியதில்லை. கயிற்றைத் தளர்த்தினால் பாய் தன் எடையிலேயே மடிந்து இறங்கும், வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு சட்டத்தின் நுனியிலிருந்தும் வரும் கயிறுகள் ஒன்றாகக் கூடித் தாமான் என்ற இழுகயிற்றில் சேர்வதால் பாயின் கீழும் மேலும் ஒரே கோணத்தில் காற்றைப் பிடிக்கும்.

குறை எடைதான். ஏற்றுவது பெரும்பாடு. ஆற்று நெற்கப்பலின் பாயை உச்சிக்கு ஏற்ற 10 பேர் வேண்டும் என்று சோங் யிங்சிங் எழுதுகிறார். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: உச்சியிலுள்ள ஒரு மடிப்பின் இழுவிசை அடியிலுள்ள மூன்று மடிப்புக்குச் சமம். காற்று மிஞ்சும்போது முதலில் உச்சியை இறக்குவது இதனால்தான்.

சுக்கானில் என்ன புதுமை?

அமரத்தின் (கப்பலின் பின்முனையின்) நடுவே தொங்கும் சுக்கான் சீனாவில் மிகப் பழையது. குவாங்சௌவில் கிழக்கு ஹான் காலக் (கி.பி. 25–220) கல்லறை ஒன்றில் கிடைத்த சுடுமண் கப்பல் பொம்மையிலேயே அது இருக்கிறது. அதைவிட முக்கியம், சுக்கானை ஏற்றி இறக்க முடியும் என்பது. ஆழ்கடலில் அடிப்பலகைக்குக் கீழே இறக்கினால் பக்கவாட்டு வழுக்கலையும் தடுக்கும். ஆழம் குறைந்தால் தூக்கிவிடலாம். தூக்க மறப்பவர்களின் சுக்கான்தான் முதலில் முறியும்.

ஆற்று நெற்கப்பல்களுக்குச் சோங் யிங்சிங் தரும் அளவு கறாரானது: சுக்கானின் அடி கப்பல் அடியோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு அங்குலம் நீண்டால், ஆழமற்ற இடத்தில் வயிறு தாண்டிய பிறகு சுக்கான் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஒரு அங்குலம் குறைந்தால் திருப்பும் பலம் போதாது.

சுக்கான் தண்டுக்கு நல்ல மரம் கிடைப்பது அரிது. 1178-இல் எழுதிய சோ சூஃபெய், தென்கோடியிலுள்ள சின்சௌவில் மட்டும் 5 சாங் வரை நீளும் கடின மரத் தண்டுகள் கிடைப்பதாகவும், மற்ற ஊர்களில் 3 சாங்கைத் தாண்டுவதில்லை என்றும், சின்சௌ விலை குவாங்சௌவிலும் சுவான்சௌவிலும் பத்து மடங்கு ஆவதாகவும் சொல்கிறார்.

கப்பலுக்குள் சரக்கு எப்படி அடுக்கப்பட்டது?

வணிகர்கள் அறையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்குச் சில அடி இடம். கீழே சரக்கு, இரவில் அதன் மேலேயே படுக்கை. பெரும்பாலும் பீங்கான், பெரியதற்குள் சிறியதை இடைவெளி விடாமல் அடுக்குவார்கள் என்கிறார் சூ யூ. சுவான்சௌ கப்பல் திரும்பி வந்த கப்பல் என்பதால் அதில் வாசனை மரங்கள், மிளகு, பாக்கு, குந்திரிக்கம், சோழி, பாதரசம் இருந்தன. வாசனை மரம் மட்டும் 2,000 கிலோவுக்கு மேல். சரக்கில் கட்டிய மரச்சீட்டுகளில் உரிமையாளர் பெயர்கள்.

திசைகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் போனார்கள்?

மட்டும் இல்லை. கப்பலில் திசைகாட்டி பயன்பட்டதற்குப் பழைய சான்று சூ யூவே தருகிறார்: இரவில் விண்மீன், பகலில் சூரியன், மூடிய வானில் தென்காட்டும் ஊசி, அதோடு நீண்ட கயிற்றில் கொக்கி கட்டிக் கடலடிச் சேற்றை எடுத்து முகர்ந்து இடம் அறிவது.

ஊசியை நீரில் மிதக்கவிட்ட கிண்ணத்தைச் சுற்றி 24 திசைப்பெயர்கள், ஒன்றுக்கு 15 பாகை. இரண்டு பெயர்களுக்கு நடுவிலும் திசை கொள்ளலாம், எனவே 48. நேரத்துக்கு ஊதுபத்தி. நாளைப் பத்தாகப் பிரித்த ‘கெங்’, அதாவது 2 மணி 24 நிமிடம். ஒரு கெங்குக்கு 60 லி (ஒரு லி சுமார் அரை கி.மீ.) தூரம் என்பது வழக்கமான கணக்கு. கப்பல் உண்மையிலேயே அந்த வேகத்தில் போகிறதா என்று பார்க்க, அணியத்தில் ஒரு மரச்சில்லைக் கடலில் போட்டு, ஒருவர் அதே நேரத்தில் மேல்தளத்தில் அமரம் நோக்கி நடப்பார். சில்லும் ஆளும் ஒன்றாக வந்து சேர்ந்தால் கணக்கு சரி. வழிக்குறிப்பேடுகளில் ஒவ்வொரு வரியும் திசை, கெங் எண்ணிக்கை, ஆழம் என்ற முறையில் போகும்.

வடக்கு தெற்கு நிலையை அறிய விண்மீன் பலகைகள். 12 கருங்காலிச் சதுரங்கள், பெரியது ஏறத்தாழ 24 செ.மீ. கையை நீட்டிப் பிடித்து, கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் வைத்து, மேல் விளிம்பு விண்மீனைத் தொடும் பலகை எது என்று பார்ப்பார்கள். அளவு ‘விரல்’ கணக்கில். அரபு மாலுமிகளின் கமால் கருவியும் இதே தத்துவம்தான். கிழக்கு மேற்குத் தூரத்துக்கு மட்டும் கெங்கை விட்டால் வழியில்லை. நீரோட்டத்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும், கரை தெரிந்தவுடன் திருத்திக்கொள்ள வேண்டும்.

செங் ஹேயின் ஒரு பயணத்துக்கு எவ்வளவு காலம் ஆனது?

சுமார் இரண்டு ஆண்டு. 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். ஏழாவதற்குத் தேதிவாரியான குறிப்பு தப்பியிருக்கிறது. 1431 ஜனவரி 19 நாஞ்சிங்கிலிருந்து புறப்பாடு. ஏப்ரல் 8 ஃபூஜியானின் சாங்லெ. அங்கே காற்றுக்காகக் காத்திருப்பு. 1432 ஜனவரி 12 அன்றுதான் கடலுக்குள் இறங்குகிறார்கள். ஜனவரி 27 இன்றைய வியட்நாமிலுள்ள சம்பா, மார்ச் 7 சுரபாயா. ஜாவாவில் நான்கு மாதம். ஆகஸ்ட் 3 மலாக்கா, செப்டம்பர் 12 வட சுமத்ராவின் செமுதெரா, நவம்பர் 28 இலங்கையின் பேருவளை, டிசம்பர் 10 கோழிக்கோடு, 1433 ஜனவரி 17 பாரசீக வளைகுடா முகத்திலுள்ள ஹோர்முஸ். மார்ச் 9 திரும்புகிறார்கள். ஜூலை 7-க்குள் யாங்சி முகத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

போக ஓராண்டு, வர நான்கு மாதம். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே இறங்கி, சுமத்ராவில் அடுத்த காற்றுக்குக் காத்து, வங்கக்கடலைக் கடந்து, தென்மேற்குக் காற்றின் தொடக்கத்தில் வீடு திரும்பும் முறை இது. இடைக்காத்திருப்புக்கு மலாக்காவில் வேலியடைத்த கிடங்கு இருந்ததாகவும், கலைந்து போன கப்பல்கள் அங்கே கூடிச் சரக்கைச் சேர்த்து, ஐந்தாம் மாத நடுவில் கிளம்பியதாகவும் உடன் போன மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான் எழுதுகிறார்.

சரி, புதையல் கப்பல் உண்மையிலேயே 138 மீட்டரா?

‘மிங் வரலாறு’ என்ற அரசு நூல் தரும் அளவு: நீளம் 44 சாங் (வேறு நூல்களில் 44 சாங் 4 சி), அகலம் 18 சாங். மாற்றினால் ஏறத்தாழ 138 மீ., 56 மீ. அப்படியொரு மரக்கப்பல் ஓடியது என்று ஏற்க எங்களுக்குத் தயக்கம் உண்டு.

மரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. நீண்ட கப்பலின் நடுப்பகுதி அலை உச்சியில் தூக்கப்படும்போது இரு முனையும் தொங்கும். அலைப்பள்ளத்தில் நடு தொங்கும். ஒவ்வொரு அலைக்கும் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும், கலப்பத்து கழன்று வெளியே வரும். 1909-இல் அமெரிக்காவில் கட்டிய ‘வயோமிங்’ என்ற மரப்பாய்க்கப்பலின் உடல் ஏறத்தாழ 100 மீ. இரும்புப் பட்டைகளால் கட்டியும் அது வளைந்து நெளிந்தது, நீர் இறைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது, 1924-இல் புயலில் ஆட்களோடு மூழ்கியது. அதைவிட மூன்றிலொரு பங்கு நீளமான கப்பல் இரும்புக் கட்டில்லாமல் இந்தியப் பெருங்கடலைத் திரும்பத் திரும்பக் கடந்தது என்றால் வலுவான சான்று வேண்டும்.

இரண்டாவது, கப்பல்துறை. நாஞ்சிங்கின் புதையல் கப்பல் கட்டுமிடத்தில் 2003–04-இல் தோண்டிய ஆறாம் குளத்தின் நீளம் 421 மீ.; அகலம் 41 மீ. மட்டுமே. 56 மீ. அகலக் கப்பல் அதற்குள் நிற்காது.

மூன்றாவது, ஆவணங்களின் வயது. இந்த அளவு செங் ஹே இறந்து நெடுங்காலம் கழித்துத் தொகுத்த வரலாற்றில் வருகிறது. ‘குதிரைக் கப்பல் 37 சாங், தானியக் கப்பல் 28 சாங்’ என்று இணையத்தில் சுற்றும் வரிசை 1597-இல் வந்த ஒரு நாவலின் கற்பனை. நாஞ்சிங்கின் லோங்ஜியாங் கப்பல்துறை அதிகாரி 1553-இல் துறையின் ஆவணங்களைத் தொகுத்தபோதே புதையல் கப்பலின் அளவுகள் அங்கே இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 1957-இல் நாஞ்சிங்கில் 11.07 மீ. நீளமான சுக்கான் தண்டு கிடைத்தது. 2010-இல் கண்டெடுத்த ஹோங் பாவோ என்ற தளபதியின் கல்லறைக் கல்வெட்டு ‘5000 லியாவ் பெருங்கப்பல்’ என்கிறது. இவை பெரிய கப்பல்கள் இருந்ததைக் காட்டுகின்றன. 138 மீட்டரை நிறுவவில்லை. தூக்கி இறக்கும் சுக்கானின் தண்டு நீளத்திலிருந்து கப்பல் நீளத்தைக் கணிப்பது வழுக்கும் கணக்கு. 60, 70 மீ. என்று சொல்பவர்களின் மதிப்பீடு மரத்தின் இயல்போடு ஒத்துப்போகிறது. அதுவே சுவான்சௌ வணிகக் கப்பலைப்போல இரு மடங்கு.

முதல் பயணத்தில் 27,800-க்கு மேற்பட்ட ஆட்களும் 62 பெருங்கப்பல்களும் போனதாகச் சொல்லப்படுகிறது. சிறிய கலங்கள் கணக்கில் தனி. 1407-இல் கடல்வழிச் சரக்குக் கப்பல்கள் 249-ஐ மேற்குக் கடல் தூதுப்பயணத்துக்காகத் திருத்தியமைக்க அரசாணை வந்தது. ஆணையில் நிற்பது ‘கட்டு’ அல்ல, ‘திருத்து’. படையின் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த நெற்கப்பல்கள்தான் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

இவை கண்டுபிடிப்புப் பயணங்களா?

பெரும்பாலும் இல்லை. கோழிக்கோடு, கொல்லம், ஹோர்முஸ் எல்லாம் சீன வணிகர்களுக்கு முன்பே தெரிந்த துறைகள். இப்னு பத்தூத்தா 1340-களிலேயே கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைப் பார்த்தார். செங் ஹேயின் வேலை அரசு மரியாதையைக் காட்டித் திறை வரச்செய்வது; தேவைப்பட்டால் படை. 1407-இல் பலெம்பாங்கில் கொள்ளைத் தலைவன் சென் சூயி பிடிபட்டான். மூன்றாம் பயணத்தில் இலங்கையில் அழகேசுவரனோடு போர் நடந்து அவனைச் சிறைபிடித்துச் சென்றார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா வரை அரசுக் கப்பல்படை போனது மட்டும் புதிது.

அமெரிக்காவை அடைந்தார்களா?

இல்லை. ஆவணமும் இல்லை, தொல்பொருளும் இல்லை.

தமிழோடு நேரான தொடர்பு ஏதாவது உண்டா?

இரண்டு கல்வெட்டுகள். சுவான்சௌவில் 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் எடுப்பித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு. கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரி. இன்னொன்று செங் ஹே குழுவினர் கொண்டுவந்த கல். 1409 தேதியிட்டது, 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலின் தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. தமிழில் பொன் 1000 கழஞ்சு, வெள்ளி 5000 கழஞ்சு. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் தோண்டியெடுத்த 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1433-க்குப் பிறகு சீனா கடலையே விட்டுவிட்டதா?

அரசு விட்டது, மக்கள் விடவில்லை. தனியார் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடை 1371-இலேயே வந்தது, செங் ஹே ஓடிய காலத்திலும் இருந்தது. பெருங்கால்வாயைச் சீரமைத்தபின் 1415-இல் வடக்குக்குக் கடல்வழி நெல் போவது நின்றது. பெரிய கடற்கப்பல்களுக்கு அரசு தந்துவந்த அன்றாட வேலை அதோடு போயிற்று. பயணச் செலவு, தலைநகர் பெய்ஜிங்குக்கு மாறியது, வடக்கு எல்லையில் மங்கோலியர், 1449-இல் பேரரசரே சிறைப்பட்டது எல்லாம் அரசின் பணத்தையும் கவனத்தையும் நிலத்துக்கு இழுத்தன.

ஃபூஜியான்காரர்கள் தடையை மீறி ஓடினார்கள். 1567-இல் சாங்சௌ அருகே யுவேகாங் துறையை உரிமச்சீட்டோடு திறந்தபோது, இருந்த வணிகத்தை அரசு ஒப்புக்கொண்டது என்பதே உண்மை. சில ஆண்டில் மணிலாவுக்கு வந்த ஸ்பானிய வெள்ளியின் பெரும்பகுதி இந்தக் கப்பல்களைத் தேடி வந்தது. மிங்குக்குப் பின் வந்த சிங் ஆட்சி 1661-இல் கடலோர மக்களை உள்நாட்டுக்கு விரட்டியது. 1684-இல் மறுபடி திறந்தது. 1846-இல் ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய ‘கீயிங்’ நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போனது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

சுவான்சௌ கப்பல் அந்த ஊரிலேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிப்பகுதி முழுவதும் திறந்து கிடப்பதால் தடுப்புகளின் அடித்துளைகளையும் பலகை அடுக்குகளையும் மேலிருந்தே எண்ணலாம். தெற்கு சோங் காலத்து ‘நான்ஹாய் 1’ குவாங்டொங்கின் யாங்சியாங் அருகே ஹாய்லிங் தீவில். 2007-இல் சுற்றியிருந்த சேற்றோடு பெட்டிபோல் தூக்கிவந்தது, 1,80,000-க்கு மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. 1323-இல் நிங்போவிலிருந்து ஜப்பான் போகும் வழியில் மூழ்கிய சினான் கப்பல் தென்கொரியாவின் மொக்போவில். அதில் இருந்த செப்புக் காசு மட்டும் 28 டன். காலிக் கல்வெட்டு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். அதன் எழுத்து மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழ்ப் பகுதியைக் கல்லில் பார்த்து வாசித்துவிடலாம் என்று போகாமல், அச்சான வாசகத்தின் படியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.